பன்னிரண்டு நிமிட ஓட்டம்

அன்று காலையில் என் மனைவி ராஜம் கொடுத்த காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினேனா, இல்லை மாமல்லபுரம் பஸ் நிறுத்தத்தில் டீ குடித்தேனா என்பது எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. பொதுவாகவே என் ஞாபகத்தை நான் அதிகம் நம்புவதில்லை. இருபது வருஷமாக சர்வேயர் வேலை பார்க்கிறவன். எதையும் அளந்து உடனே எழுதிவிடுவேன். எழுதாமல் விட்டதெல்லாம் மெல்ல மெல்ல இடம் மாறிவிடும். அதனால் இதில் ஒன்றிரண்டு விஷயம் முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், பூவராகவன். நேரமும் தூரமும் மட்டும் சரியாக இருக்கும். அவற்றை அங்கேயே குறித்துக்கொண்டேன்.

ஃபுட்பால் நடுவர் சங்கத்தின் செயலாளராக நீங்கள் கேட்டது ஒரு பக்கக் குறிப்புதான். சிங்காரம் பெயரில் கோப்பை வைக்கிறோம், மலர் வெளியிடுகிறோம், அவரோடு கடைசிவரை இருந்தவர் நீங்கள்தான், எழுதித் தாருங்கள் என்று கார்டு போட்டிருந்தீர்கள். நாலு முறை எழுதிப் பார்த்தேன். நாலு முறையும் சிங்காரம் நல்லவனாகவே வந்தான். அதில் பொய் ஒன்றும் இல்லை. அவன் இறந்த இடத்துக்கு வரும்போதுதான் எழுத்து நின்றுபோயிற்று. எனவே மலருக்கு வேறு யாரையாவது கேட்டுக்கொள்ளுங்கள். இது உங்களுக்கு.

சர்வதேச நடுவர் என்றால் ஊரில் பலருக்கும் அது ஒரு பட்டம் என்று நினைப்பு. வாங்கிவிட்டால் சாகும்வரை கூடவே இருக்கும் என்று நினைக்கிறார்கள். அது எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். மூன்றாம் வகுப்புத் தேர்வு, இரண்டாம் வகுப்பு, முதல் வகுப்பு, பிறகு தேசியம். ஒவ்வொன்றுக்கும் எழுத்துத் தேர்வு, ஓட்டம், மேடையில் உட்கார்ந்து மார்க் போடும் ஒருவர். இதற்கே எனக்குப் பதினாறு வருஷம் ஆயிற்று. அதற்குப் பிறகு மாநிலம் பெயரை அனுப்ப வேண்டும், டெல்லியில் அதை எடுக்க வேண்டும், அங்கிருந்து ஃபிஃபாவுக்குப் போக வேண்டும். எல்லாம் கூடிவந்தால் சட்டைப்பையில் தைத்துக்கொள்ள ஒரு பேட்ஜ். அதில் வருஷம் போட்டிருக்கும். அந்த வருஷம் முடிந்தால் பேட்ஜும் முடிந்தது. ஐம்பது வயதுக்குமேல் கிடையாது. ஒவ்வொரு டிசம்பரிலும் கடிதம் வரும்வரை நீங்கள் யாருமில்லை.

நான் எழுபத்து நான்கு டிசம்பரில் வாங்கினேன். நான்கு வருஷம் வைத்திருந்தேன். அந்த நான்கு வருஷத்தில் எனக்குக் கிடைத்த வெளிநாட்டு ஆட்டம் ஒன்று. கோலாலம்பூரில், மழையில், லைன்ஸ்மேனாக. விசில் இன்னொருவர் கையில், கொடி என் கையில். திரும்பி வரும்போது அங்கே ஒரு ஸ்டாப் வாட்ச் வாங்கினேன். ஆபீசில் எல்லோரும் சட்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். எந்த ஆட்டத்தை நடத்தினீர்கள் என்று மட்டும் நல்லவேளையாக யாரும் கேட்கவில்லை.

சிங்காரம் என்னைவிட ஏழு வயது இளையவன். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்துக்காரன். கல்பாக்கத்தில் ஃபிட்டர் வேலை. ஆங்கிலத்தில் நாலு வார்த்தை சேர்த்துப் பேச வராது. ஆனால் ஆட்டவிதிகள் பதினேழையும் ஆங்கிலத்திலேயே மனப்பாடமாக ஒப்பிப்பான், ஒரு எழுத்து பிசகாமல். ஒருமுறை பஸ்ஸில் ஒப்பித்துக்கொண்டு வந்ததைக் கேட்டு, பக்கத்தில் இருந்தவர் பாதிரியாரா என்று விசாரித்தார்.

"இந்தத் துணித்துண்டுக்கு இம்மாம் பேஜாரா அண்ணாத்த?" என்பான் என் பேட்ஜைப் பார்த்து. "எங்க குப்பத்துல இத்தக் குடுத்தா ஒரு வஞ்சிரம்கூட குடுக்க மாட்டானுங்க."

என்னை அண்ணாத்த என்று அவன் மட்டும்தான் கூப்பிட்டான். முதலில் எனக்கு அது பிடிக்கவில்லை. பிறகு பிடித்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

எழுபத்தேழு ஜனவரியில் செங்கல்பட்டில் நடந்த இறுதி ஆட்டம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சிங்காரம் நடுவர், நான் லைன்ஸ்மேன். பேட்ஜ் வைத்திருப்பவன் நான், விசில் அவனிடம். அப்படிப் போட்டது நீங்கள்தான். கடைசிப் பத்து நிமிடத்தில் நான் ஆஃப்சைடு என்று கொடியைத் தூக்கினேன். அவன் என்னைப் பார்த்தான். பார்த்துவிட்டு, ஆட்டம் தொடரட்டும் என்று கையை வீசினான். கோல் விழுந்தது. கூட்டம் முழுக்க என் பக்கம் திரும்பியது. நான் கொடியைத் தூக்கியபடியே நின்றேன். இறக்குவதற்கு எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அவன் செய்தது சரி. பின்காவல்காரன் ஒருவன் எதிர்ப்பக்க ஓரத்தில் பின்தங்கி நின்றிருக்கிறான், அதனால் அது ஆஃப்சைடு இல்லை. நான் பார்க்கவில்லை, அவன் பார்த்திருக்கிறான். மார்க் போட வந்தவர் அதைத்தான் எழுதினார். நடுவரின் துணிவு என்று ஒரு வரி, லைன்ஸ்மேனின் கவனக்குறைவு என்று ஒரு வரி.

ஆட்டம் முடிந்து துணி மாற்றும்போது சிங்காரம் என் தோளில் கை வைத்தான். "வெயிலு கண்ணுல அட்சிருக்கும் அண்ணாத்த. வுடு. நா இன்னா நெனச்சுக்கப்போறேன்?"

வெயில் என் முதுகுப்பக்கம் இருந்தது. அவனுக்கும் அது தெரியும்.

ஏப்ரலில் மெட்ராஸில் ஓர் ஆட்டத்தில் இடைவேளையின்போது அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். உதடு நீலம் பாரித்திருந்தது. ஐந்து நிமிடத்தில் எழுந்து, இரண்டாம் பாதியையும் நடத்தி முடித்தான். என்னைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் நான்தான் செங்கல்பட்டில் டாக்டர் நரசிம்மனிடம் அழைத்துப் போனேன். அது நல்ல எண்ணத்தோடு செய்தது. டாக்டர் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். மறுபடி போனபோது சிங்காரம் உள்ளே வர மாட்டேன் என்றான். "எனக்குப் பயமா கீது. இன்னான்னாலும் எங்க அண்ணாத்தகிட்ட சொல்ட்டுங்க," என்று கூப்பிட வந்தவரிடம் சொல்லிவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டான்.

டாக்டர் என்னை அவனுடைய மேலதிகாரி என்று நினைத்திருக்க வேண்டும். இருதயத்தில் ஒரு வால்வு சுருங்கியிருக்கிறது என்றார். நடக்கலாம், வேலைக்குப் போகலாம், ஓடவே கூடாது. ஓடினால் ஒருநாள் திடீரென்று நின்றுவிடும். அவன் ஃபுட்பால் நடுவர் என்று நான் சொன்னேன்.

"ஊதறதுக்குத்தானே? ஓரமா நின்னுண்டு ஊதட்டுமே," என்றார். பிறகு மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதி என்னிடம் கொடுத்தார். "பக்குவமா நீங்களே சொல்லிடுங்கோ. பயந்துடப்போறார்."

வாசலில் சிங்காரம் செருப்பில்லாமல் நின்றிருந்தான். உள்ளே வருவதற்காகக் கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொள்ளவே மறந்திருந்தான். நான் படியிறங்கி வரும்வரை என் முகத்தையே பார்த்தான்.

"ரத்தம் கொஞ்சம் கம்மியாம்," என்றேன். "கீரை நிறைய சாப்பிடச் சொன்னார்."

அவன் சிரித்தான். அவ்வளவு நிம்மதியாக ஒருவன் சிரித்து நான் பார்த்ததில்லை.

இதை நான் ஏன் சொன்னேன் என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் என்னைக் கேட்டுக்கொண்டேன். அதற்குப் பத்து நாளைக்கு முன்புதான் நீங்கள் சொல்லியிருந்தீர்கள்: இந்த வருஷம் நம் மாநிலத்திலிருந்து ஒரு பெயர்தான் போகும், செப்டம்பரில் சிங்காரம் ஓட்டத்தில் தேறிவிட்டால் அவன் பெயர், இல்லாவிட்டால் பழையபடி என் பெயர் என்று. டாக்டரின் கடிதத்தை உங்கள் மேஜையில் வைத்திருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். பேட்ஜ் எனக்கு, உயிர் அவனுக்கு. யாருக்கும் நஷ்டமில்லை. முட்டாள்கூட அதைத்தான் செய்திருப்பான்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். நோய் வந்து அவன் விலகினால் ஊரே என்ன சொல்லும்? பாவம் சிங்காரம், அவன் மட்டும் நன்றாக இருந்திருந்தால் என்று சொல்லும். நான் ஐம்பது வயதுவரை அந்தப் பேட்ஜைப் போட்டுக்கொண்டு திரிந்தாலும், அது அவன் போடாமல் விட்டுப்போனதாகவே இருக்கும். எனக்கு அது வேண்டாம். அவன் மைதானத்தில் தோற்க வேண்டும். எண்ணில் தோற்க வேண்டும். முடியவில்லை அண்ணாத்த என்று அவன் வாயால் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அதன்பிறகு கடிதத்தைக் காட்டலாம், ஆஸ்பத்திரிக்கும் நானே அழைத்துப் போகலாம் என்று நினைத்திருந்தேன். அதை நான் உண்மையாகவே நினைத்தேன்.

தகுதி ஓட்டம் பன்னிரண்டு நிமிடம். அதற்குள் இரண்டாயிரத்து நானூறு மீட்டர் ஓடியிருக்க வேண்டும். ஜூலைக் கடைசியில் சிங்காரம் என்னிடம் வந்தான். "உங்கிட்டதான் ஸ்டாப் வாட்சு கீது. வந்து டைம் புடி அண்ணாத்த. ரெண்டு பேரும் ஒண்ணா லிஸ்ட்ல போவோம்," என்றான். ஒரு பெயர்தான் போகும் என்பது அவனுக்குத் தெரியாது. நீங்களும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

அவன் குப்பத்துக்கு எதிரே, அலை இறங்கியபிறகு ஈரமாக இறுகிக்கிடக்கும் மணலில், சங்கிலி பிடித்து இருநூறு மீட்டர் அளந்து இரண்டு சவுக்குக் கம்பு நட்டேன். போனால் ஒரு தடவை, வந்தால் ஒரு தடவை, அப்படிப் பன்னிரண்டு தடவை. அந்த இருநூறு மீட்டரில் ஓர் அங்குலம் பிசகு கிடையாது. யார் வேண்டுமானாலும் வந்து அளந்து பார்க்கலாம் என்கிற மாதிரி நட்டேன். கம்பை நகர்த்துவது எனக்கு எளிது. அதைச் செய்யவில்லை. அளவையில் நான் எப்போதும் பொய் செய்ததில்லை.

நேரத்தில் செய்தேன். அதுவும் மிகச் சிறியது. அவன் கோட்டில் வந்து குனிந்து நிற்பான். நான் வாட்ச்சின் பொத்தானை அழுத்திவிட்டு, காலால் மணலைச் சரிசெய்வேன், காற்று எந்தப் பக்கம் என்று பார்ப்பேன், ஷூ லேஸைப் பார்த்துக்கொள் என்று சொல்வேன். ஐம்பது வினாடி ஆனபிறகு விசில் ஊதுவேன். முடிவில் வாட்ச் பன்னிரண்டைக் காட்டும்போது ஊதுவேன். யார் வந்து பார்த்தாலும் அது பன்னிரண்டுதான். வாட்ச் பொய் சொல்லவில்லை.

முதல் நாள் இருநூற்றிருபது மீட்டர் குறைந்தது. மண்டியிட்டு மூச்சு வாங்கியவன், "நா இம்மாம் மட்டமா?" என்றான். மறுநாளிலிருந்து காலையில் என்னோடு ஒருமுறை, மாலையில் வேலை முடிந்து வந்து தனியாக ஒருமுறை ஓட ஆரம்பித்தான். அவன் மனைவி சொர்ணம் தினமும் முருங்கைக்கீரை ஆக்கினாள். டாக்டர் சொன்னார் என்று நான் சொன்னதுதான். எனக்கும் ஒரு கட்டு கொடுத்தனுப்புவாள். ராஜம் அதைப் பொரியல் செய்வாள்.

சொர்ணத்துக்கு மட்டும் சந்தேகம் வந்தது. படகுப் பக்கத்தில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தவள் ஒருநாள் எழுந்து வந்தாள்.

"இன்னா சார், நீ வந்து நின்னா பன்னெண்டு நிமிசம் சுருங்கிப் பூடுது? நா ஒரு கூடை ஆயறதுக்குள்ள வுட்டுடறே. சாயங்காலம் இது தனியா ஓட சொல்ல ஒரு கூடைக்கு மேலயே ஆயறேன்."

நான் வாட்ச்சைக் காட்டினேன். அவள் அதை வாங்கிப் பார்க்கவில்லை. சிங்காரம்தான் பதில் சொன்னான். "தே, சும்மா கெட. டைம் பாக்கறவரு சொன்னா டைம்தான். வாட்சு யார் கையில கீதோ அவரு சொல்றதுதான் சட்டம். உன் மீன் கூடையப் பாத்தா ஆட்டத்த முடிக்கச் சொல்ற?"

"மீன் கூடை எந்நாளும் ஒரே கூடைதான்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

வேறு ஆளாக இருந்தால் தானே ஒரு கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு ஓடியிருப்பான். ஒரு தபால்காரன், ஒரு கடைக்காரன், யாராக இருந்தாலும். நடுவர்களால் அது முடியாது. ஆட்டத்தின் நேரம் ஒருவனுடையது, மற்றவர்கள் கேட்கக் கூடாது என்று பத்து வருஷம் மற்றவர்களிடம் சொல்லிச் சொல்லி அது நமக்கே உடம்பில் ஏறிவிடுகிறது. விசில் வரும்வரை ஓட வேண்டும். விசில் வந்தால் நிற்க வேண்டும். அவன் அப்படித்தான் இருந்தான். அவ்வளவு நல்ல நடுவர்.

நாள் போகப்போக குறைவு சுருங்கியது. நூற்றெழுபது. நூற்றுப்பத்து. எழுபது. இரண்டு முறை கடலோரம் குனிந்து வாந்தி எடுத்தான். ஒருமுறை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "இங்க ஒண்ணு குதிக்குது அண்ணாத்த, நண்டு மாதிரி," என்று சிரித்தான். இன்றைக்குப் போதும் என்று நான் சொன்னேன். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். போதும் என்று மூன்று முறை சொல்லியிருக்கிறேன். இன்னும் எழுபதுதானே என்று சொல்லி அவன்தான் கேட்கவில்லை.

இருபத்து மூன்றாம் நாள், ஆகஸ்ட் இருபத்திரண்டு, திங்கட்கிழமை. அன்று எனக்கு உண்மையைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று இருந்தது. ஏன் என்று தெரியவில்லை. பொத்தானையும் விசிலையும் ஒன்றாகச் சேர்த்தே அழுத்தி ஊதினேன். ஒரு வினாடியும் எடுக்கவில்லை.

பன்னிரண்டாவது தடவையை அவன் முடித்தபோது வாட்ச்சில் பதினொரு நிமிடம் ஐந்து வினாடி. நான் திருடிய ஐம்பது வினாடிகளே அவனை அப்படி ஆக்கியிருந்தன. பன்னிரண்டு நிமிடத்தில் இரண்டாயிரத்து அறுநூறைத் தொட்டான். என் வாழ்நாளில் நான் ஓடிய மிக அதிக தூரம் இரண்டாயிரத்து நானூற்று நாற்பது. அதுவும் முப்பத்தைந்து வயதில்.

நான் ஊதவில்லை.

கை வாய்வரை போயிற்று. விசில் பல்லுக்கிடையில் இருந்தது. ஊதினால் அவன் நின்று, எவ்வளவு என்று கேட்பான். எந்த எண்ணைச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், இருபத்திரண்டு நாள் ஏன் குறைந்தது என்று அவன் கேட்காவிட்டாலும் சொர்ணம் கேட்பாள். பொய் சொல்லலாம் என்றால், அவனே தடவைகளை எண்ணிக்கொண்டுதான் ஓடுகிறான். யோசிக்க எனக்குக் கொஞ்சம் நேரம் தேவைப்பட்டது. நேரம் என் கையில் இருந்தது.

பதினான்காவது தடவையை முடித்து என்னைக் கடக்கும்போது அவன் திரும்பிப் பார்த்தான். பேச மூச்சில்லை. மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினான். அவன் முகத்தில் சந்தோஷம் இருந்தது. கணக்கு அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஜெயித்தாயிற்று என்று தெரியும், முடிந்ததா என்பதைத்தான் கேட்டான்.

"இன்னும் கீது," என்றேன். "ஓடு."

அவன் பாஷையில் நான் பேசியது அது ஒருமுறைதான்.

பதினைந்து நிமிடம் பத்து வினாடியில் விழுந்தான். இரண்டு கம்புகளுக்கும் நடுவில், முகம் மணலில். அதற்குப் பிறகுதான் ஊதினேன். ஊதிவிட்டு, நேரத்தைக் குறித்துவிட்டு, நடந்து போனேன். சொர்ணம் எனக்கு முன்னால் ஓடி வந்துவிட்டாள்.

மறுநாள் டாக்டர் நரசிம்மன் என்னைக் கூப்பிட்டனுப்பினார். "நீங்க சொல்லலையா?" என்றார். "சொன்னேன் டாக்டர், கேட்கவில்லை," என்றேன். அதை யோசிக்காமலே சொன்னேன். அவர் அதைத்தான் சொர்ணத்திடம் சொல்லியிருக்கிறார், ஆறுதலாக. தெரிந்தேதான் ஓடியிருக்கிறார் அம்மா, யாராலும் தடுத்திருக்க முடியாது என்று.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவள் என் வீட்டுக்கு வந்தாள். ராஜம் உட்காரச் சொன்னாள், உட்காரவில்லை.

"அதுக்குத் தெரியுமாமே சார். தெரிஞ்சே ஓடிச்சாமே. எங்கிட்ட ஏன் சார் சொல்லல? பதிமூணு வருசம் குடித்தனம் பண்ணேன். ஒரு வார்த்த சொல்லியிருந்தா கால உட்ச்சி வூட்ல போட்டிருப்பேனே."

"உன்னைப் பயமுறுத்த வேண்டாம் என்று நினைத்திருப்பான்," என்றேன்.

"இல்ல சார்," என்றாள். "நா பெருசில்ல அதுக்கு. அந்தத் துணித்துண்டுதான் பெருசு. இத்தினி நாளு தெரியாமப் பூட்ச்சே." பிறகு, பேசியதற்கு மன்னிக்கச் சொல்லிவிட்டுப் போனாள்.

அவன் இறந்ததைவிட இது எனக்கு அதிகம் உறுத்துகிறது. அவன் அவளிடம் எதையும் மறைக்கவில்லை. தனக்கு ரத்தம் கம்மி என்பதுதான் அவனுக்குத் தெரியும். டாக்டரின் கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். உறைமேல் இருக்கும் தேதியைப் பாருங்கள், உறை பிரிக்கப்படவே இல்லை. வேண்டுமானால் சொர்ணத்திடம் நீங்களே சொல்லுங்கள். என்னால் முடியாது. ஒரு மனிதனை நான் ஓடவைத்தே கொன்றேன். கோபத்தில் இல்லை, தினமும் காலை ஆறு மணிக்கு, இருபத்து மூன்று நாள்.

மற்றவர்களைப் பற்றி: சொர்ணம் கடப்பாக்கத்தில் தம்பி வீட்டோடு போய்விட்டாள், கருவாடு விற்கிறாள். அவன் படத்தை வீட்டில் மாட்டவில்லை என்று சொல்கிறார்கள். டாக்டர் நரசிம்மன் போன வருஷம் காலமானார். அந்த வருஷப் பட்டியலில் என் பெயர் போயிற்று, எழுபத்தெட்டுக்கான பேட்ஜ் வந்தது, ஆட்டம் ஒன்றும் வரவில்லை. அடுத்த செப்டம்பரில் மெட்ராஸில் நடந்த ஓட்டத்தில் எனக்கு நாற்பது மீட்டர் குறைந்தது, பட்டியலிலிருந்து பெயர் போய்விட்டது. அன்று நேரம் பார்த்தவர் பன்னிரண்டு நிமிடம் ஆவதற்கு முன்பே ஊதிவிட்டார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதை விசாரிக்கச் சொல்லி உங்களுக்கு இரண்டு முறை எழுதினேன். இன்னும் பதில் வரவில்லை.